வாசலில் ஒரு சோடி அதிகம்

1. தையல் வகுப்பு

இந்தச் சங்கத்தில் நான் செய்த முதல் வேலை சப்பாத்து அடுக்கியது. புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். இன்று எங்களுக்கு அலுவலகம் இருக்கிறது. வாசலில் வானவில் நிறத்தில் பெயர்ப்பலகை இருக்கிறது. வாடகை வீட்டிலிருந்து துரத்தப்பட்ட பெண்ணுக்காகப் பேச ஒரு வக்கீலும் வந்துபோகிறார். அப்போது எங்களிடம் இருந்தது மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு சமூக நிலையத்தின் பேஸ்மென்ட், அதுவும் சனிக்கிழமைப் பின்னேரம் மட்டும். பனிச் சப்பாத்தோடு உள்ளே போனால் தரை சேறாகிவிடும், நிலையத்துக்காரர் சாவியைத் திருப்பி வாங்கிவிடுவார். ஆகவே படி இறங்கியதும் வருகிற நடையில் எல்லோரும் கழற்றிவிட்டுக் காலுறையோடுதான் அறைக்குள் வரவேண்டும். கழற்றியதை பிளாஸ்டிக் தட்டில் வரிசையாக வைப்பது என் பொறுப்பு. எங்கள் சனத்துக்கு வாசலில் கழற்றச் சொல்லித்தரத் தேவையில்லை, ஒழுங்காக வைக்கத்தான் சொல்லித்தர வேண்டும்.

தொடங்கியது நானும் பிலோமினாவும். பிலோ மன்னார்க்காரி, முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். நான் யாழ்ப்பாணம், ஒரு கார்டெரியில், அதாவது பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில், சின்னப் பிள்ளைகளுக்குச் சமைத்தேன். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் 'றூம்மேட்' என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர்கள். பெண்ணை விரும்பும் பெண்களுக்கு டவுன்டவுனில் சங்கங்கள் இருக்கத்தான் செய்தன. நல்ல மனிதர்கள். ஆனால் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நினைத்து அழவேண்டி வந்தால் எனக்கு பிரெஞ்சில் அழ வராது. அதனால்தான் தமிழில் ஒன்று வேண்டும் என்று நான் பிலோவோடு சண்டை பிடித்து, இருவருமாகத் தொடங்கினோம்.

வெளியில் ஒட்டிய நோட்டீஸில் 'பெண்களுக்கான தையல் வகுப்பு' என்றுதான் போட்டோம். விசயம் தெரிய வேண்டியவர்களுக்கு எங்கள் போன் நம்பரும் விலாசமும் டவுன்டவுன் சங்கங்கள் வழியாகப் போய்ச் சேர்ந்தன. ஒருநாள் நோட்டீஸை நம்பி ஒரு மாமி பிளவுஸ் துணியோடு வந்துவிட்டா. பிலோ அவசர அவசரமாக அளவு எடுத்தாள், தைத்தது நான். ஒரு கை நீளம், மற்றது கட்டை. மாமி பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. அதுவும் எங்களுக்கு ஒரு பாதுகாப்புத்தான்.

2. பேசாத போன்

மார்கழி தொடங்கியதும் ஒரு போன் வரத் தொடங்கியது. எடுத்தால் யாரும் பேச மாட்டார்கள். மூச்சுச் சத்தம் கேட்கும். பின்னால் எங்கோ பிரஷர் குக்கர் விசிலடிக்கும். கொஞ்ச நேரத்தில் கட்டாகிவிடும். எனக்கு அந்த மூச்சைக் கேட்டால் பிடரி சில்லிடும். பிலோ என்னைப் போல இல்லை, அவளுக்கு இரக்கம் முந்திக்கொண்டு வரும்.

"பயப்பிடாதேங்கோ பிள்ளை, சொல்லுங்கோ," என்றாள் ஒருநாள்.

அந்தப் பக்கம் முதல்முறையாக ஒரு குரல் வந்தது. "அக்கா..."

"ஓம், சொல்லுங்கோ. நீங்கள் எந்த ஊர்?"

போன் கட்டாகிவிட்டது. அதன்பிறகு அந்த நம்பரிலிருந்து அழைப்பு வரவேயில்லை.

"நான் என்ன பிழையாக் கேட்டனான்?" என்று பிலோ என்னைப் பார்த்தாள். எனக்கும் விளங்கவில்லை. நம்மவர்கள் இருவர் சந்தித்தால் வாயில் முதலில் வருகிற கேள்வி அதுதானே.

3. சிரிப்பு

தை மாதத்தில் மொன்றியலில் நாலரைக்கே இருட்டிவிடும். பேஸ்மென்டில் ஒரு சின்ன ஜன்னல், அதையும் பனி மூடியிருந்தது. நடையின் கடைசியில் ஹீட்டர் அறை. அங்கிருந்து சூட்டுக்காற்றுக் குழாய் ஒன்று எங்கள் அறைச் சுவருக்குள் வரும். அது அடிக்கடி தட்டும். பழகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை ஆறு பேர் இருந்தோம். பவி அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தாள். எங்களில் வயது குறைந்தவள் அவள்தான். மருந்துக்கடையில் வேலை. அண்ணன், அண்ணி, அவர்களுடைய சின்ன மகள் என்று ஒரே வீட்டில் இருந்தாள். அவளைக் கனடாவுக்கு எடுத்ததே அண்ணன்தான். விசயம் தெரிந்தால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கி வெளியில் வைப்பார் என்று அவளுக்குத் தெரியும். வீடு போனால் போகட்டும், அந்தச் சின்னவள் தன் கையைப் பிடித்தபடிதான் நித்திரை கொள்ளுவாள், அதை எப்படி விடுவது என்று ஒருமுறை எங்களிடம் அழுதிருக்கிறாள்.

அன்று அவள் சொன்னது, தன்னை வீடியோ கோலில் பெண் பார்த்த கதை. மாப்பிள்ளையின் தாய் போனைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் நெற்றியை மட்டும் காட்டிக்கொண்டு இருந்தாவாம். இவள் அந்த நெற்றிக்கே வணக்கம் சொல்லி, அந்த நெற்றியோடேயே சீதனம் வரை பேசி முடித்தாளாம். வயிறு நோகச் சிரித்தோம்.

நாங்கள் சிரித்து முடித்தோம். அதன் பிறகு இன்னொரு சிரிப்புக் கேட்டது.

சுவருக்குள்ளிருந்து வந்தது. அடக்கப் பார்த்தும் முடியாமல் வெளியே வந்த ஒரு பெண் சிரிப்பு. உடனே நின்றுவிட்டது.

"பைப்," என்றாள் பிலோ.

பைப் தட்டும். பைப் சிரிக்குமா? நான் எழும்பி நடைக்குப் போனேன். தட்டில் நான் ஆறு சோடி அடுக்கியிருந்தேன். கடைசியில் ஏழாவதாக ஒன்று நின்றது. பெரிய கறுப்புச் சப்பாத்து, ஆண்கள் போடுவது. அதன் மேல் பனி இன்னும் உருகவில்லை. அங்கிருந்து சிமெந்துத் தரையில் ஈரக் காலடி ஹீட்டர் அறைக் கதவு வரை போயிருந்தது. திரும்பி வந்த அடையாளம் இல்லை. கதவைத் தட்டினேன். உள்ளே ஹீட்டரின் இரைச்சல் மட்டும்தான். பிலோவைக் கூட்டிவர உள்ளே போய்த் திரும்பினால் சப்பாத்தைக் காணவில்லை. அது நின்ற இடத்தில் தண்ணீர் மட்டும் தேங்கியிருந்தது.

மற்றவர்களுக்கு நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கிழமை யாரும் வரமாட்டார்கள். சங்கம் அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமையும் அந்தச் சப்பாத்து வந்தது. எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை.

4. சிவப்பு நூல்

மூன்றாம் தடவை அதைக் கண்டது பவி. கை கழுவப் போனவள் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். தட்டுக்கு முன்னால் அசையாமல் நின்றாள். அந்தக் கறுப்புச் சப்பாத்தின் ஒரு லேஸில் சிவப்புக் கம்பளி நூல் சுற்றியிருந்தது.

"இது அண்ணையின்ர," என்றாள். உதடு வெளிறிப்போயிருந்தது. "பனி தள்ளப் போடுற சப்பாத்து. அந்த நூல் சின்னவள் கட்டிவிட்டது. அக்கா, அவர் எல்லாத்தையும் கேட்டுட்டார். நான் எங்க போவன்?"

மேலங்கி கூடப் போடாமல் ஓடப் பார்த்தாள். பிலோ பிடித்து இருத்தினாள். சத்தம் கேட்டு மற்றவர்களும் நடைக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தி தன் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "இனி இந்தப் பக்கம் வரமாட்டன், என்ர பேரை மறந்துபோங்கோ," என்றாள். எங்கள் சங்கம் கண்ணுக்கு முன்னால் படியேறிப் போகப் பார்த்தது.

பிலோவுக்குத்தான் மூளை வேலை செய்தது. "உன்ர அண்ணைக்குச் சனிக்கிழமையில வேலையெல்லோ?"

"ஓம். டவுன்டவுன் ரெஸ்டாரன்ட் கிச்சின்ல."

பிலோ அந்த ரெஸ்டாரன்ட் நம்பரை பவியிடம் வாங்கி அடித்தாள். பிரெஞ்சில் ஏதோ சொல்லி அவரைக் கேட்டாள். ஸ்பீக்கரில் கோப்பை கழுவும் சத்தம், யாரோ கத்துகிற சத்தம், பிறகு ஒரு ஆண் குரல். "அலோ? ஆர் கதைக்கிறது?"

பிலோ கட் பண்ணினாள். பவியின் கண் இன்னும் பெரிதாகிவிட்டது.

"அண்ணைதான். அவர் அங்கதான் நிக்கிறார்."

நாங்கள் எல்லோரும் சப்பாத்தைப் பார்த்தோம். பனி உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் அங்கே நின்றால் இதைப் போட்டுக்கொண்டு வந்தது யார்?

5. கதவு

பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும். அது என் சுபாவம். ஹீட்டர் அறைக் கதவை ஓங்கித் தட்டினேன். "ஆர் உள்ளுக்க? இப்ப வெளியில வாறியளோ, பொலிசைக் கூப்பிடவோ?"

கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியில் ஏதோ நகர்ந்தது தெரிந்தது.

பிலோ என்னை விலக்கிவிட்டுக் கதவுக்கு முன்னால் தரையில் இருந்தாள். முதியோர் இல்லத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறவர்களோடு பேசிப் பழகியவள். "பிள்ளை, பொலிஸ் ஒண்டும் வராது. இவ சும்மா கத்துவா. நீங்கள் ஆர் எண்டு நாங்கள் கேக்கமாட்டம். விருப்பமெண்டா வாங்கோ, இல்லாட்டி நாங்கள் உள்ள போறம், நீங்கள் ஆறுதலாப் போங்கோ."

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. சூட்டுக்காற்று முகத்தில் அடித்தது. இருட்டுக்குள்ளிருந்து தொப்பியும் மேலங்கியுமாக, வேர்த்துக்கொட்டியபடி ஒரு பெண் வந்தாள். காலில் ஆண்கள் போடும் தடித்த காலுறை.

"அண்ணி," என்றாள் பவி.

அவ பெயர் சுகந்தி. சின்னவளை அடுத்த தெருவில் நடன வகுப்பில் விட்டுவிட்டு, அது முடியும்வரை இங்கே வந்து நின்றிருக்கிறா. தன் ஊதாச் சப்பாத்தைக் கோயிலுக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும் என்று கணவனின் பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறா. கறுப்புச் சப்பாத்து எல்லா வீட்டிலும் இருக்கிறது. மகள் கட்டிவிட்ட நூலைத்தான் யோசிக்கவில்லை.

பவி பின்னால் நகர்ந்து சுவரில் முட்டினாள். "அண்ணை அனுப்பினவரே? என்னைப் பிடிக்கவே வந்தனீங்கள்?"

"அவருக்கு ஒண்டும் தெரியாது."

"அப்ப ஏன் என்ர பின்னால..."

"உன்ர பின்னால வரேல்லை பவி. நீ இஞ்ச வாறதே எனக்குத் தெரியாது. சுவருக்கால குரல் கேட்டுத்தான் தெரிஞ்சது." சுகந்தி தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டு நின்றா. "நான் எனக்காகத்தான் வந்தனான்."

ஹீட்டர் நின்று, குழாய் ஒருமுறை தட்டியது.

"அப்ப ஏன் உள்ள வரேல்லை?" என்று பிலோ மெல்லக் கேட்டாள்.

"போன் எடுத்தனான் அக்கா. நீங்கள் எந்த ஊர் எண்டு கேட்டியள். எங்கட ஊர்ச் சனம் இந்த ரோட்டிலேயே எத்தனை வீடு? ஊரைச் சொன்னா ஆற்ற மகள் எண்டுவியள். அதைச் சொன்னா ஆற்ற பெண்சாதி எண்டுவியள். அதுக்குப் பிறகு எனக்குச் சொல்ல என்ன மிஞ்சிக் கிடக்கும்?"

பிலோ வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

பவி சொன்னாள், எங்களைப் பார்த்து, அண்ணியைப் பார்க்காமல். "அண்டைக்குச் சுவருக்குள்ள கேட்ட சிரிப்பு எனக்குப் பிடிபடேல்லை. ஒரே வீட்டிலதான் இவ்வளவு வருசம் இருக்கிறம். அண்ணி சிரிச்சு நான் ஒருநாளும் கேட்டதில்லை."

சுகந்தி அழத் தொடங்கினா. பவி போய் அவவின் மேலங்கிப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். கையில் சப்பாத்தோடு நின்றவள் அதைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

6. நாங்கள் படித்தது

அந்த வீட்டில் அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் லேசாக நடக்கவில்லை. அது அவர்களுடைய கதை, நான் எழுத மாட்டேன். இன்று பவியும் சுகந்தியும் பக்கத்து வட்டாரமான வில்றேயில் ஒரே கட்டிடத்தில் மேலும் கீழுமாக இருக்கிறார்கள். சின்னவள் கிழமையில் பாதி நாள் அங்கே. எந்த மாடியில் படுப்பது என்று அவளே முடிவு செய்கிறாள். இவ்வளவும் சொல்ல அனுமதி வாங்கிவிட்டேன்.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு எங்கள் முதல் விதி எழுதிவைக்கத் தேவையில்லாதது. யாரிடமும் ஊர் கேட்காதே. அன்பாகத்தான் கேட்கிறோம், எனக்குத் தெரியும். எங்களில் ஒருத்திக்கு அந்த அன்பே கதவில் போட்ட பூட்டாகிவிட்டது. ஒருத்தி தன்னைப் பற்றி எதைச் சொல்லித் தொடங்குகிறாளோ அங்கிருந்து தொடங்கு. ஒன்றும் சொல்லாவிட்டால் அதற்கும் இடம் விடு. பேசாத போன்களை இப்போது சுகந்திதான் எடுக்கிறா. "நான் இருக்கிறன்," என்று மட்டும் சொல்லிவிட்டு அவவும் பேசாமல் இருப்பா. சிலவேளை அந்தப் பக்கம் குக்கர் மூன்று நாலு தரம் விசிலடித்து ஓயும் வரைக்கும்.

புது அலுவலகம் வந்தும் சனிக்கிழமைக் கூட்டத்தை அந்தப் பேஸ்மென்டிலேயே வைத்திருக்கிறோம். சப்பாத்து அடுக்குவதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. போன சனிக்கிழமை நல்ல பனி. எல்லோரும் உள்ளே போனபின் தட்டைப் பார்த்தேன். கடைசியில் ஒரு சோடி அதிகமாக நின்றது. ஈரக் காலடி ஹீட்டர் அறைப் பக்கம் போயிருந்தது. எனக்கு இன்னும் பிடரி சில்லிடத்தான் செய்கிறது.

சுகந்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு எட்டிப் பார்த்தா. "அக்கா, போய்த் தட்டட்டோ?"

"வேண்டாம். பவியை ஏதும் பகிடி சொல்லச் சொல்லு."

பவி அந்த நெற்றிக் கதையையே சொன்னாள். எங்களுக்கு மனப்பாடமான கதை. ஆனாலும் எல்லோரும் வயிறு நோகச் சிரித்தோம். சிரித்து முடித்து, வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் காதைக் கொடுத்துப் பொறுத்திருந்தோம்.