ஷோபா டீச்சரின் பன்னிரண்டாவது கேள்வி

ஷோபா டீச்சருக்குத் தன் கேள்வித்தாளை யாருக்கும் காட்டும் பழக்கம் கிடையாது. ராபர்ட்சன்பேட்டைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக அறிவியல் எடுக்கிறார். அத்தனை வருடத்துத் தாள்களும் பீரோவுக்குள், சாவி கைப்பைக்குள். இந்த ஜூனில் நிர்வாகம் ஒரு ஆன்லைன் மென்பொருளைக் கொண்டுவந்து, தங்கள் மூன்று பள்ளி ஆசிரியர்களும் தேர்வுகளை அதில் ஏற்றிப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றபோது, மகளைப் பெண் பார்க்க ஆள் வருவதுபோல் அவருக்குப் பதற்றமாக இருந்தது.

ஏற்றினார். எட்டாம் வகுப்பு, வெப்பம், இருபது கேள்விகள். ஒவ்வொன்றின் கீழும் அவர் பெயர்.

அதில் பன்னிரண்டாவது அவருடைய செல்லம். "பூமிக்குள் ஆழமாகப் போகப் போக வெப்பம் கூடுமா, குறையுமா?" இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைகூட அதைத் தப்பாக எழுதியதில்லை. இந்தப் பாடத்தை என்னை மாதிரி யார் நடத்துவார் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. பொய் சொல்வானேன், தலைக்கனமே உண்டு.

பூதிகோட்டைப் பள்ளியின் வாசு சார் அந்தத் தேர்வை எடுத்துத் தன் வகுப்புக்கு வைத்தார். மறுநாள் மதியம் ஷோபா ஸ்டாஃப் ரூமில் சாப்பிட்டபடியே போனில் முடிவுகளைத் திறந்தார். வரிசையாகப் பச்சை, பன்னிரண்டு மட்டும் சிவப்பு. முப்பத்து நாலு பேரில் முப்பத்தொரு பேர் "குறையும்" என்று எழுதியிருந்தார்கள்.

முதலில் வந்தது கோபம். அந்த ஆள் பாடமே நடத்தவில்லை என்று முடிவு கட்டினார். ஆனால் ரசம் சாதம் முடிவதற்குள் கோபம் போய் ஒரு குடைச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. தெரியாத பிள்ளைகள் குருட்டாம்போக்கில் எழுதினால் பாதிக்குப் பாதியாவது சரியாக வருமே? முப்பத்தொரு பேர் ஒரே பக்கம் சாய்ந்தால், அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. என்ன அது? கை கழுவியதும் வாசுவுக்குப் போன் போட்டார்.

"இன்னா சார், பன்னெண்டாவதுல மட்டும் உங்க பசங்க இப்படி?"

"நானும் கேட்டேன் மேடம். லீவுல தினம் கெணத்துல குதிக்கிற பசங்க. உள்ள போகப் போக சில்லுனு இருக்குதாம். ரெண்டு பீரியட் நடத்தினேன், நம்பலியே!"

ஷோபாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் இன்னொரு சந்தேகம் முளைத்தது. நேராகத் தன் வகுப்புக்குப் போனார்.

"பன்னெண்டாவதுக்கு 'கூடும்'னு உங்களுக்கு எப்படித் தெரியும்? உண்மைய சொல்லுங்க."

முதல் பெஞ்சு வாணி எழுந்தாள். "எங்க தாத்தா தங்க மைன்ஸ்ல வேலைல இருந்தாரு மிஸ். ஆளுங்கள எறக்குற கூண்டு, அந்த கேஜ், கீழ எறங்க எறங்க அனல் அடிக்குமாம். சட்டைய புழிஞ்சா தண்ணி ஊத்துமாம்."

"எங்க தாத்தாவும் மிஸ்!" வகுப்பு முழுக்கக் கைகள்.

"அப்போ நான் நடத்தினது இன்னா ஆச்சு?"

வாணிதான் இரக்கப்பட்டுச் சொன்னாள்: "அது நோட்ஸ்ல இருக்குது மிஸ்."

சுருக்கென்றது. ஷோபாவுக்கே அது பாடத்தில் படித்துத் தெரிந்த விஷயமில்லை. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பு வீட்டில், ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா சொல்லித் தெரிந்தது. பத்தொன்பது வருட முழு மதிப்பெண்ணில் தன் பங்கு எவ்வளவு என்று நினைக்கவே கூச்சமாக இருந்தது.

அன்று மாலையே பழைய கேள்வியை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை ஏற்றினார். "கிணற்றில் இறங்கினால் குளிர்கிறது. சுரங்கத்தில் இறங்கினால் கொதிக்கிறது. இரண்டும் உண்மை. ஏன்?"

அடுத்த நாள் இரண்டு வகுப்புகளும் எழுதின. பூதிகோட்டையில் நாலு பேர் சரியாக எழுதினார்கள். ஷோபாவின் வகுப்பில் மூன்று பேர்.

மறுநாள் அவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு, அந்தப் பாடத்தை முதல் முறையாக நடத்தப் போனார்.