ஊமைப் படத்துப் பெண்

அறைக்குள் போகுமுன் சீதேவிப்பிள்ளை ஒரு தரம் செருமுவாள். வாசலில் தொங்கும் சேலைத் திரையைத் தொடாமல் நின்று, "புள்ள, வாறன்" என்பாள். பதில் வருவதற்கு வேண்டிய நேரம் விட்டு, திரையின் ஓரத்தை மட்டும் தூக்கித் தலை குனிந்து உள்ளே போவாள். உள்ளே ஆளில்லை. ஒரு கட்டில், ஒரு தகரப் பெட்டி, யன்னலில் ஒரு ஷாம்பு பக்கட், அவ்வளவுதான். பக்கத்து வளவுப் புஸ்பம் பல வருடங்களாக இதைக் கண்டுவருகிறாள். ஏன் என்று கேட்டதில்லை.

சீதேவிப்பிள்ளை மண்டூரில் பிறந்தவள். அந்த ஊர் முருகனை யாரும் நேரே கண்டதில்லை. பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குள் போவார், வருவார். திரை மட்டும் விலகாது. சனம் திரையைத்தான் கும்பிடும். உள்ளே இருக்கிறாரா என்று அங்கே எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை.

கலியாணம் முடித்துத் தேற்றாத்தீவுக் கடற்கரையில் குடியிருந்தாள். புருஷன் காய்ச்சலில் போனபின் அவளும் மகள் தனுஷியாவும்தான். கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை, தனுஷியா தலை முழுகக் கிணற்றடிக்குப் போனாள். "அம்மா, ஷாம்பு பக்கட் ஒண்டு வாங்கித்து வாங்க. நான் தலைய நனைச்சித்து நிக்கிறன்" என்றாள். தாய் பெரிய தெருக் கடைக்குப் போய் பக்கட்டைக் கையில் வாங்கியபோது கடல் ஊருக்குள் வந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் வீடு இல்லை, கிணறு மண்ணால் மூடிக் கிடந்தது. பிள்ளையின் உடலும் கிடைக்கவில்லை. காரியத்தைச் செய்துவிடச் சொல்லி உறவினர் வற்புறுத்தினார்கள். அவள் தலையை ஆட்டினாளே தவிர செய்யவில்லை.

வீடிழந்தவர்களைத் தங்கவைத்த முகாமில் பிள்ளைகள் சிரிக்கட்டும் என்று உதவிக்கு வந்தவர்கள் ஒரு படம் காட்ட ஏற்பாடு செய்தார்கள். காத்தான்குடியில் கலியாண வீடியோ எடுக்கும் றிப்ஷான் மெஷினோடு வந்தான். பொழுது சாயும் நேரம். இரண்டு தென்னைக்கு நடுவே வெள்ளைச் சீலை கட்டினார்கள். வெள்ளைக்காரர் நூறு வருடத்துக்கு முன் எடுத்த மாயப் படமாம், பேச்சே இல்லை.

"கதைக்கிறதுக்கு ஆக்கள் கிடைக்கல்லியோ?" என்றாள் புஸ்பம்.

"உன்னக் கூப்பிட்டிருக்கலாம்" என்றார் வயல்காரர் கந்தப்போடி. சனம் சிரித்தது. அலைக்குப் பிறகு அங்கே கேட்ட முதல் சிரிப்பு அது.

படத்தில் முறுக்கு மீசைக்காரன் ஒருவன் ஒரு பெண்ணைக் கதிரையில் இருத்தி, உச்சி முதல் பாதம் வரை துணியால் மூடினான். சீதேவிப்பிள்ளையின் கைகள் தாமாகவே கூடின.

"என்னகா, மீசக்காரனக் கும்பிடுறாய்?" என்று புஸ்பம் இடித்தாள்.

மீசைக்காரன் துணியை உருவினான். கதிரை வெறுமையாக இருந்தது.

"கதிரைக்குக் கீழ பாருங்கடா, அங்கதான் ஒளிச்சிரிப்பாள்!" என்று கந்தப்போடி கத்தினார். பிள்ளைகள் எழும்பி ஓடிச் சீலைக்குப் பின்னால் தேடினார்கள். அங்கிருந்து ஒரு குரல் வந்தது: "இஞ்ச ஒண்டுமில்ல! மண்தான் கிடக்கு!"

சீதேவிப்பிள்ளை எழும்பிவிட்டாள். "ஏன் திறந்தவன்? ஆர் அவனத் திறக்கச் சொன்ன?"

சிரிப்பு நின்றது. பின்வரிசையில் ஒருத்தி அழத் தொடங்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. றிப்ஷான் பயந்துபோய் மெஷினை நிற்பாட்டிவிட்டு ஓடி வந்தான்.

"அக்கா, அவ மறுகா வருவா. கடைசில வருவா."

"நீ கண்டியா, மனே?"

"கண்ட நான். சிரிச்சித்து வருவா."

"அப்ப காட்டு."

அழுகிற பெண்களை அவன் பார்த்தான். போதும் என்று கை காட்டிய பெரியவர்களையும் பார்த்தான். "அடுத்த கிழம வாறன் அக்கா. உங்களுக்கெண்டே போட்டுக் காட்டுறன்" என்று சொல்லிப் போனான்.

அடுத்த கிழமை அவனை யாரும் விடவில்லை. சனத்தை அழவைக்கிற படம் வேண்டாம் என்றுவிட்டார்கள். பிறகு சண்டை மூண்டு, பொழுதுபட்டால் வெளியே தலைகாட்ட முடியாத காலம் வந்தது. கந்தப்போடியின் மகன் நிலோஜனை ஒரு மத்தியானம் வான் வண்டியில் வந்தவர்கள் கூட்டிப்போனார்கள். யார் என்று கேட்க ஊரில் யாருக்கும் வாய் வரவில்லை. சீதேவிப்பிள்ளை வீட்டுத்திட்டத்து வீட்டுக்கு வந்து, முகாமில் மறைப்பாகக் கட்டியிருந்த நீலச் சேலையை அறை வாசலில் தொங்கவிட்டாள். படத்துப் பெண் வருவாள் என்று அந்தப் பொடியன் சொன்னதை மட்டும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

சண்டை முடிந்துவிட்டதாக ரேடியோ சொன்னது. சந்தியில் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள். வந்து நிற்கும் பஸ்ஸை எல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு கந்தப்போடி தெருவில் நின்றார்.

அந்த வருடப் பள்ளி விடுமுறையில் றிப்ஷான் மெஷினோடு வந்தான். தாடி வளர்ந்திருந்தது. சீதேவிப்பிள்ளையைத் தேடி வந்து, "அக்கா, சொன்ன சொல்ல மறக்கல்ல" என்றான்.

பொழுது சாய்ந்து சீலை கட்டியதும் அவள் முன்வரிசையில் போய் இருந்தாள். கந்தப்போடி பக்கத்தில் வந்து குந்தினார். மீசைக்காரன் மூடினான், உருவினான், கதிரை வெறுமையானது. புதுப் பிள்ளைகளும் சீலைக்குப் பின்னால் ஓடினார்கள். கந்தப்போடி குந்தியபடியே முன்னுக்கு நகர்ந்தார். மீசைக்காரன் வெறுங்கதிரையை மறுபடி மூடினான். துணி மெல்ல மெல்லப் புடைத்தது. உருவினான். அந்தப் பெண் இருந்தாள். சிரித்தாள், எழும்பிக் குனிந்து வணங்கினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"கண்டீங்களா அக்கா? வந்துட்டா!"

சீதேவிப்பிள்ளை சீலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவட தல காஞ்சி இரிக்கி, மனே" என்றாள்.

றிப்ஷானுக்கு விளங்கவில்லை. புஸ்பத்துக்கு விளங்கியது, அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தம்பி, இன்னொருக்காப் போடு" என்றார் கந்தப்போடி.

போட்டான். பெண் போனாள், வந்தாள். "இன்னொருக்கா" என்றார் அவர். அதையும் போட்டான். பிள்ளைகள் அலுத்துப்போய் வீட்டுக்குப் போனார்கள். ஜெனரேட்டரில் எண்ணெய் தீரும்வரை கந்தப்போடி கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் போட்டுக்கொண்டே இருந்தான். சீதேவிப்பிள்ளை மறுபடி திரையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நிலோஜன் வரவில்லை. தனுஷியாவுக்கு இன்றுவரை காரியம் செய்யப்படவில்லை. நீலச் சேலை நைந்துபோனதால் புஸ்பம் தன் பழைய சேலை ஒன்றைக் கொடுத்திருக்கிறாள். அதுதான் இப்போது அறை வாசலில் தொங்குகிறது.