நடுவில் உட்கார்ந்த பெண்

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போ நகரில் மனநல மருத்துவனாக வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் கிளினிக் கதவைத் திறந்ததும் நான் சொல்லும் முதல் வார்த்தை, "கூட வந்தவங்க வெளிய இருங்க" என்பதுதான். நோயாளியைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எங்கள் ஜனமோ தனியாக ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. அம்மா, அப்பா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று ஒரு வேனே வந்து இறங்கும். அத்தனை பேரையும் வெளியே அனுப்புவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் இளம்பெண் என்னை மிகவும் அலுக்க வைத்தாள். லகாட் பக்கம் அவர்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளி துண்டு போட்டு விற்றபின், அவள் குடும்பம் சிம்பாங் பூலாயில் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வரிசையில் ஒரு வீட்டுக்கு வந்திருந்தது. அப்பா குவாரியில் காவல்காரர். அம்மா வீட்டு வேலைக்குப் போனார். பெண்ணுக்குத் தூரத்துக் கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை கிடைத்திருந்தது. தங்க ஹாஸ்டலும் உண்டு. ஆனால் புறப்படும் நாள் நெருங்கினால் சாப்பிட மாட்டாள், தூங்க மாட்டாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். வார்டில் சேர்த்தால் சீக்கிரமே தேறி, மற்றவர்களுக்குத் தலை பின்னிவிடுவாள். வீட்டுக்கு அனுப்பினால் மறுபடியும் வருவாள். நான் மாத்திரையைக் கூட்டினேன். பிறகும் கூட்டினேன். கடைசியில், நீண்டகால வார்டுக்கு மாற்றிவிடலாமே என்றார் பெரிய டாக்டர். அங்கே போனவர்கள் திரும்பி வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்லக் கையில் காரணம் எதுவும் இல்லாததால், கொஞ்சம் அவகாசம் மட்டும் கேட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கோலாலம்பூரில் குடும்ப சிகிச்சைப் பயிற்சி. வேண்டாவெறுப்பாகப் போனேன். ஒரு ஆளைப் பார்க்கவே நேரமில்லை, இதில் குடும்பத்தையே பார்க்கச் சொல்கிறார்களே என்று வந்திருந்த டாக்டர்கள் எல்லோரும் முணுமுணுத்தோம். பயிற்சி கொடுத்த அம்மையார் எங்களையே ஒரு குடும்பமாக உட்காரவைத்து நடிக்கச் சொன்னார். எனக்கு மாமியார் வேடம். இந்த வழுக்கைத் தலையோடு மருமகளைத் திட்டித் தீர்த்தேன். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்டார்: "மருமகளைத் திட்டும்போது ஏன் மகனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" நான் அவனைப் பார்த்ததே எனக்குத் தெரியாது. யாருக்கு நோய் என்பதோடு நிறுத்தாமல், யார், எவர் வழியாகப் பேசுகிறார் என்றும் பாருங்கள் என்றார். இத்தனை வருடப் படிப்பில் இதை ஒருவரும் சொல்லவில்லையே என்று எரிச்சலாக இருந்தது.

திரும்பி வந்ததும் அந்தக் குடும்பத்தை ஒன்றாக உள்ளே கூப்பிட்டேன். பெண் நடுவில் உட்கார்ந்தாள்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுதா?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

அவர் மகளிடம் திரும்பினார். "காலையில குடுத்துச்சான்னு அம்மாவக் கேளு."

கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அம்மா, "குடுத்தாச்சுன்னு அப்பாகிட்ட சொல்லு" என்றார். பெண் அப்படியே சொன்னாள். மூவருக்கும் அதில் விசேஷம் எதுவும் தெரியவில்லை.

தோட்டத்தை விட்டு வரும்போது மனைவியை ஒரு வார்த்தை கேட்காமல் அப்பா வீடு பிடித்துவிட்டாராம். அன்றோடு பேச்சு நின்றது. கோபித்துக்கொண்டு பிள்ளையைத் தூது விடுவது எங்கள் வீடுகளில் சகஜம்தான். இரண்டொரு நாளில் தீர்ந்துவிடும். இவர்களுக்குத் தீரவே இல்லை. மகள் நோயில் விழுந்தால் மட்டும் டாக்சி கூப்பிடு, துணி எடுத்து வை என்று ஒருவரோடு ஒருவர் பேசினார்கள்.

"வேலைக்குப் போகப் பயமா இருக்கா?" என்று அவளைக் கேட்டேன்.

"வேலைக்கு இல்ல லா டாக்டர். நான் போயிட்டா இவங்க எப்படிப் பேசிக்குவாங்க?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா தரையைப் பார்த்தார். அவள்மேல் பரிதாபமும் அந்த இருவர்மேல் கோபமும் எனக்கு ஒன்றாக வந்தன.

அதற்குப் பிறகு பல மாதம் அவர்களை வரவழைத்து, மகளைத் தள்ளி உட்காரவைத்து, பெற்றவர்களை நேராகப் பேசச் சொன்னேன். கல்லில் நார் உரிக்கிற வேலை. மாத்திரை எழுதுவது எவ்வளவோ சுலபம். அவளும் மாத்திரையை அடியோடு விட்டுவிடவில்லை. குறைந்த அளவில் சாப்பிட்டு வந்தாள். ஆனால் நீண்டகால வார்டு என்ற பேச்சு நின்றது. ஒருநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு கமுந்திங்குக்குப் போய்விட்டாள். மாத்திரையை இனி அங்கேயே வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தேன்.

அடுத்த மாதம் கிளினிக் நாளன்று பெற்றோர் மட்டும் வந்து நின்றார்கள்.

"பிள்ள நல்லா இருக்கு, வேலைக்கும் போகுது. நீங்க ஏன் இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றேன். எனக்கு அன்று தலைவலி வேறு.

"வீட்டுல பேச ஆளில்ல டாக்டர்" என்றார் அப்பா, மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

அம்மா அவர் பக்கம் திரும்பினார். "எனக்கு மட்டும் யாருங்க இருக்கா?" என்று அவரையே பார்த்துக் கேட்டார்.