லட்சுமம்மா இழுத்துப் பார்த்த செயின்

கன்டோன்மென்ட்டை ஒட்டிய சூளைப் பகுதியில் ஜெயராமனின் மோட்டார் சைக்கிள் பட்டறையில் லட்சுமம்மாவுக்குச் சாமான் கழுவும் வேலை. கழற்றிப் போட்ட பல்சக்கரம், போல்ட், செயின் எல்லாவற்றையும் சீமை எண்ணெயில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, சாக்கில் பரப்பி வைப்பாள். அவள் புருஷன் அப்பாதுரை ஒரு ரொட்டிக் கடையில் இருந்தான். சண்டை முடிந்து பட்டாளம் ஏலம் விட்ட பழைய மோட்டார் சைக்கிளின் பின்னால் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, காலையில் கன்டோன்மென்ட் பங்களாக்களுக்கு ரொட்டி கொண்டுபோவான்.

ஐம்பத்து நான்காம் வருஷம் அந்த வண்டியின் செயின் தேய்ந்து, பல்லில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. பெண்டாட்டி வேலை செய்கிற இடமாயிற்றே என்று அப்பாதுரை ஜெயராமனிடமே புதுச் செயின் போட்டுக்கொண்டான். பன்னிரண்டாம் நாள், ரொட்டிப் பெட்டியோடு ஒரு மேட்டில் ஏறும்போது அது அறுந்து பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. சக்கரம் இறுகி நின்றது. வண்டி சாய்ந்து அவன் வலது காலின் மேலேயே விழுந்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ரொட்டிக் கடை முதலாளி சேஷகிரி விசாரித்தபோது, செயின் புதுசு, நானே என் கையால் போட்டது என்றான் ஜெயராமன். குடித்துவிட்டு ஓட்டினால் எந்தச் செயின் தாங்கும் என்றும் சேர்த்துக்கொண்டான். அப்பாதுரை ஒரு நாளும் குடித்தவனில்லை. ஆனாலும் பேச்சு தெருவெல்லாம் பரவி, ஆஸ்பத்திரிக் கட்டில்வரை வந்துவிட்டது. வேலை போயிற்று.

புருஷனின் டிபன் கேரியரை வாங்கிவர லட்சுமம்மா ரொட்டிக் கடைக்குப் போனாள். பின்கட்டில் உடைந்த வண்டி கிடந்தது. அறுந்த செயின் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏனென்று தெரியாமலே முந்தானையால் அதன் கறுப்புக் கிரீஸைத் துடைத்தாள். ஒரு கண்ணியின் தகட்டில் உளியால் போட்ட சின்னப் பெருக்கல் குறி தெரிந்தது. போன மாதம் ஒரு பழைய செயினைக் கழுவும்போது இதே குறிதான் அவள் கட்டை விரலைக் கிழித்தது. காயம் இன்னும் ஆறவில்லை. விரலை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். தன் கையால் கழுவிக் கொடுத்த செயின்.

மறுநாள் பட்டறை ஃபிட்டர் நோயலைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். அவள் கழுவி வைக்கும் பழைய செயின் எதுவும் காயலான் கடைக்குப் போகவில்லை. நீண்டுபோன செயினில் இரண்டு கண்ணியை வெட்டிவிட்டு, கிரீஸில் காய்ச்சி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிப் புதுசு என்று விற்கிறார்கள். போலீஸுக்குப் போ, நான் சாட்சி சொல்கிறேன் என்றான்.

"போலீஸு இன்னா பண்ணும்? ஒரு வாட்டி ஃபைன் கட்டிட்டு வந்து உக்காந்துக்குவான். அவன் தெனமும் படணும், நோயலு."

அன்றே வேலையை விட்டாள். அடுத்த திங்கட்கிழமை பட்டறைக்கு நேர் எதிரே, தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு தகரத் தொட்டியும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்தாள். வண்டிக்காரர்களுக்குச் செயின் கழுவித் தருவதாகச் சொன்னாள். உண்மையில் அவள் கண் பட்டறை வாசலிலேயே இருந்தது.

முதலில் மாட்டியவர் தந்தி ஆபீஸ் ஆராவமுதன். புதுச் செயின் போட்டுக்கொண்டு வெளியே வந்தவரைக் கும்பிட்டு நிறுத்தினாள். பின் பல்சக்கரத்தின் பின்புறம் செயினை இரண்டு விரலால் பிடித்து இழுத்துக் காட்டினாள். புதுசாக இருந்தால் பல்லோடு ஒட்டி நிற்கும். இது பாதிப் பல் தெரியும்படி எழுந்து வந்தது. அவர் முகம் சிவக்க உள்ளே போனார். உள்ளிருந்து சத்தம் வந்தபோது லட்சுமம்மாவுக்கு, புருஷனின் கால் போனபின் முதல் தடவையாக, நன்றாகப் பசித்தது.

அதன்பின் ஒரு வண்டியையும் அவள் விடவில்லை. கழற்றிய செயினைப் பக்கவாட்டில் படுக்கப் பிடித்து, தேய்ந்தது எப்படி வளைந்து தொங்குகிறது என்றும் காட்டுவாள். இழுக்கும்போதெல்லாம் ஜெயராமன் பார்க்கிறானா என்று நிமிர்ந்து பார்த்துக்கொள்வாள். அவன் பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. அவன் ஆள் விட்டுத் தொட்டியை உதைத்துக் கவிழ்த்தான். அவள் நிமிர்த்தி வைத்தாள். அப்பாதுரைக்கு வேலை தருவதாகச் சொல்லி அனுப்பினான். அவள் அடுத்த வண்டியை நிறுத்தினாள். நோயலும் ஒரு நாள் பட்டறையை விட்டு நின்றுவிட்டான்.

ஒரு வருஷம் கழித்து, வாடிக்கை பாதிக்கு மேல் குறைந்தபின், ஜெயராமனே தெருவைத் தாண்டி வந்தான்.

"ஏம்மா லச்சுமம்மா, ஒனக்கு இன்னாதான் வேணும்?"

"எங்க ஊட்டுக்காரரு குடிச்சிருந்தாருன்னு சொன்னே இல்ல? அதே கடையில, அதே ஆளுங்க முன்னால பொய்யின்னு சொல்லு."

"சொன்னா எழுந்து போயிடுவியா?"

"மொதல்ல சொல்லு."

சொன்னான். அப்பாதுரை ரொட்டிக் கடையில் கக்கத்துக் கட்டைகளை ஊன்றிக்கொண்டு நின்று கேட்டான். தேய்ந்த செயினைத் தெரிந்தேதான் போட்டேன் என்கிற வார்த்தையையும் லட்சுமம்மா ஜெயராமன் வாயிலிருந்து வாங்கினாள். சேஷகிரி அப்பாதுரையைப் பார்த்து, நாளையிலிருந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்டர் எழுது என்றார்.

வெளியே வந்ததும், ஆயிற்றா என்று கேட்டான் ஜெயராமன்.

"இது அவரு பேருக்கு ஆச்சு. காலுக்கு ஆவல" என்றாள்.

மறுநாள் காலையில் மரத்தடியில் உட்கார்ந்தாள். அப்பாதுரைக்கே அது பிடிக்கவில்லை. சோறு போடும்போது, போதும் விட்டுவிடு, என் காலுக்கு நானே சமாதானமாகிவிட்டேன் என்றான்.

"கால் ஒன்னுது. நீ விட்டுடு. ஏமாந்தது என் கை" என்றாள் அவள்.

அடுத்த தீபாவளிக்குள் பட்டறை மூடிக்கொண்டது. ஜெயராமன் ஊரைத் தாண்டி அத்திபெலேயில் சைக்கிள் பஞ்சர் கடை வைத்திருப்பதாக நோயல் வந்து சொன்னான். லட்சுமம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனாள். எதிர் ஹோட்டல் பெஞ்சில் ஒரு டீயை வைத்துக்கொண்டு, கிழிந்த டியூப்பைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவனும் பார்த்துவிட்டான். டியூப்பைப் போட்டுவிட்டு, வாடிக்கைக்காரன் நிற்க நிற்கப் பலகைகளை ஒவ்வொன்றாக அடைத்தான். கடைசிப் பலகை விழும்வரை இருந்துவிட்டு எழுந்தாள்.

பார்த்தாயா, இப்போதாவது மனசு ஆறியதா என்று ராத்திரி அப்பாதுரை கேட்டான். இல்லை என்றாள். ஆனால் போனது நல்லதுதான் என்றாள்.