கண்மாய் மீனும் கடல் தண்ணீரும்

மதுரைக்காரனுக்கு மீன் என்றால் முதலில் கண்மாய்தான் நினைவுக்கு வரும். மண்டபம் கடலில் கயாக் படகில் தூண்டில் போடக் கிளம்பியபோது, இரைக்காக நானும் நண்பன் செந்திலும் விளாங்குடிக் கண்மாய்க்குத்தான் போனோம். பிளாஸ்டிக் பாட்டிலின் வாயை வெட்டி உள்பக்கமாகத் திருப்பி, புரோட்டாத் துண்டு போட்டு, கெண்டைக் குஞ்சுகளை உயிரோடு பிடித்தோம். வாளியில் விட்டு, மீன்தொட்டிக்கு வைக்கும் ஏர் பம்ப்பைப் பொருத்தினேன். கார் கடற்கரை போய்ச் சேரும்வரை வாளி என் மடியில்தான் இருந்தது. வெயில் படாமல் துண்டால் மூடியிருந்தேன்.

கடலில் கொஞ்ச தூரம் துடுப்புப் போட்டதும், வாளித் தண்ணீர் சூடாகிவிட்டதே என்று கடல்நீரை மொண்டு ஊற்றினேன். குஞ்சுகள் வெடுக்கென்று துள்ளின. பிறகு ஒவ்வொன்றாக வயிற்றைக் காட்டி மிதந்தன. உப்பை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

"கொன்னுட்டேனே மாப்ள" என்றேன்.

"தூண்டில்ல மாட்டத்தானடா கொண்டு வந்தோம்? அம்புட்டும் எப்படியும் சாகப்போறதுதானே" என்றான் செந்தில்.



செத்ததைக் கொட்டிவிட்டு, சின்னக் கொக்கிகள் வரிசையாகக் கட்டிய தூண்டில் நரம்பை அவன் கடலில் இறக்கி ஆட்டினான். சாளை மீன்கள் ஏறின. கடல்நீர் நிரப்பிய அதே வாளியில் சுறுசுறுப்பாக நீந்தின. இரையாகக் கொக்கியில் கோர்க்க ஒன்றைக் கையில் எடுத்தேன். மனசு வரவில்லை. அவனிடமே நீட்டினேன். அவன் கோர்த்துப் போட, பெரிய பாறை மீன் ஒன்று மாட்டியது.

அந்தப் பாறை மீனைக் குழம்பு வைத்தபோது நான் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன். இரக்கம் என்று நான் நினைத்தது, கொக்கி என் கையில் இருந்தவரைதான் இருந்திருக்கிறது.