காகிதக் கப்பலுக்கு ஒரு கேப்டன்

என் அக்காவுக்குக் கோபம் வராது. அவளுக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருக்கிறது. நான் வேலை பார்ப்பது ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அடுத்தவர் திட்டுவதை நாள் முழுக்கக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறேன். அதனால் கோபத்தில் எது அசல், எது போலி என்று எனக்குத் தெரியும். அத்தான் மேல் எனக்கு இருப்பது அசல் சரக்கு.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். டயர் கடையில் விற்பனையாளர். குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார் என்று எங்கள் அம்மா அவருக்குப் பரிந்து பேசுவாள். செய்யாத தப்புக்கெல்லாம் மார்க் போடுவதென்றால் நானும்தான் உத்தமி. பக்கத்துத் தெருவில் எங்காவது தீப்பிடித்து எரிந்தால், அணைத்தது நான்தான் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வருகிற ஆள் அவர்.

அக்கா சட்டை தைக்கும் கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுகிறாள். ஒரு அளவுச் சட்டைக்கு வெட்டிய காகிதப் பாகங்களை வைத்துக்கொண்டு, அதையே குண்டானவருக்கும் ஒல்லியானவருக்கும் பெருக்கியும் குறைத்தும் வரைந்து கொடுப்பது அவள் வேலை. ஒரு தடவை காய்ச்சலில் படுத்திருந்தபோது, பொழுது போகட்டும் என்று ஸ்டேஷனரிக் கடையிலிருந்து வெட்டி ஒட்டும் கப்பல் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பயணிகள் கப்பல், ஒரு சாண் நீளம். சாயங்காலத்துக்குள் ஒட்டி முடித்துவிட்டாள். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரொம்பச் சின்னதா இருக்குடி. பெருசு பண்ணா நல்லாருக்கும்" என்றாள். அதோடு காய்ச்சல் போய்விட்டது, கப்பல் பிடித்துக்கொண்டது.

ஜெராக்ஸ் கடையில் நாலு மடங்காக்கி ஒட்டிய கப்பல் இரண்டாம் நாளே தொந்தி தள்ளி உட்கார்ந்துவிட்டது. கப்பல் வளர்ந்த அளவுக்குக் காகிதம் தடிக்கவில்லை. ஒட்டுவதற்காக ஓரத்தில் விடும் மடிப்புகளோ கப்பலோடு சேர்ந்து கட்டைவிரல் அகலத்துக்கு வளர்ந்து, மூலைக்கு மூலை துருத்திக்கொண்டு நின்றன. நானாக இருந்தால் கசக்கி எறிந்திருப்பேன். அக்கா சிரித்தாள்.

"சட்டை பெருசானா, தையலுக்கு விடுற துணியுமா பெருசாகும்? ஜெராக்ஸ் மெஷினுக்குத் தெரியாது. எனக்கு எங்கடி போச்சு புத்தி?"

அதன்பிறகு அவள் மெஷினை நம்பவில்லை. ஒவ்வொரு பாகத்தையும் தானே பெருக்கி வரைந்தாள். மடிப்பை மட்டும் பழைய அளவிலேயே விட்டாள். கப்பலின் மூக்கு வளையாமல் முரண்டு பிடித்தபோது, ரவிக்கைக்கு டாட் பிடிப்பதுபோல் முக்கோணமாக வெட்டி எடுத்து வளைத்தாள். கம்பெனியில் தூக்கிப் போடும் சட்டைக் காலர் அட்டைகள் கப்பலுக்கு விலா எலும்பானது அப்போதுதான். சின்னக் கப்பலில் புள்ளியாக அச்சடித்திருந்த ஜன்னல்கள் பெரியதில் கரி பூசியதுபோல் அசிங்கமாகத் தெரிந்ததால், எல்லாவற்றையும் வெட்டித் திறந்து, சட்டை உறையின் பிளாஸ்டிக்கைக் கண்ணாடியாக ஒட்டினாள். மேல்தளக் கம்பிகளுக்குப் பசையில் ஊறவைத்த தையல் நூல். இப்படி மூன்றடிக் கப்பல் ஒன்று முடிந்தது. மூன்று வருடத்தில் எட்டடிக் கப்பலும் முடிந்தது. கூடத்தில் சுவரோரமாக, ஆறு பேர் உட்காரும் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது.

அந்த மூன்று வருடமும் அத்தான் டிவி முன்னால் இருந்தார். "வீடு பூரா குப்பை" என்பார். "வயசான காலத்துல காகிதம் வெட்டி விளையாடுறா பாரு" என்று என்னிடமே சொல்லிச் சிரிப்பார். ஒரு துரும்பை எடுத்து இந்தப் பக்கம் போட்டதில்லை.

டயர் கடை முதலாளி ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். கப்பலைப் பார்த்து வாயைப் பிளந்தார். "சும்மா, பொழுதுபோக்கா நாங்க பண்ணது சார்" என்றார் அத்தான். அடுத்த விருந்தாளி வந்தபோது அது அவர் தனியாகப் பண்ணியதாகிவிட்டது. பிறகு கடைக்கு வருகிறவரையெல்லாம் கையோடு கூட்டிவந்து காட்டினார். விருந்தாளி இல்லாத நேரத்தில் அந்தக் கப்பலை அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. தெருவில் எல்லோரும் அவரை 'கேப்டன்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் கையை உயர்த்தி சல்யூட் வைத்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டயர் மாற்ற வந்தவர்களில் துறைமுக மேலாளர் ஒருவர். பயணிகள் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம் என்று கப்பலைப் பார்க்க வந்தார். அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்களும் இதுல உதவி பண்ணுவீங்களா மேடம்?" என்று கேட்டார்.

அத்தான் முந்திக்கொண்டார். "கூடமாட இருப்பா சார். பசை நல்லா தடவுவா."

நான் சமையலறைக்குள் போய் அக்காவைப் பிடித்து உலுக்கினேன். "வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லேன்க்கா, நான்தான் கட்டினேன்னு!"

"விடுடி. நாலு பேர் முன்னாடி அவரைப் பொய்யர்னு ஆக்கவா? கப்பல் போய் அங்க நின்னா போதும்."

"போதாது" என்றேன். அன்றைக்கு அவள்மேலும் எனக்குக் கோபம்.

எடுத்துப் போகிற நாளன்று மேலாளர் ஒரு பித்தளைத் தகடு கொண்டுவந்தார். 'உருவாக்கியவர்' என்று போட்டு அத்தானின் பெயர், பளபளவென்று. அத்தான் அதை அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கிப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டு, எதையும் கழுவாமல் நின்றாள். இவளுக்கும் வலிக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வெளியே சத்தம் கேட்டது. சுமை தூக்க வந்த இரண்டு பேர், கப்பலோடு மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தான் கண்ணாடிப் பெட்டிக்கு அளவு கொடுத்திருந்தார், மாடிப்படியை அளக்கவில்லை. சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள். ஒரு புகைபோக்கி நசுங்கியது. கீழ்வீடு, மேல்வீடு எல்லாம் படியில் கூடிவிட்டது.

"எங்கயாவது பிரியுமா சார்?" என்று கேட்டார் சுமை தூக்குகிறவர்.

"பிரியாதுப்பா. ஒரே பீஸா கட்டினது" என்றார் அத்தான் கூசாமல். பிறகு கூடத்துக்குள் வந்து அக்காவின் பெட்டியிலிருந்து கட்டரை எடுத்துக்கொண்டு போனார். "நடுவுல அறுத்துடலாம். அங்க போய் ஒட்டிக்கலாம். என் வீட்டுக்காரி பசை தடவிடுவா."

பிளேடைக் கப்பலின் விலாவில் வைத்துவிட்டார்.

"கையை எடுங்க!"

யாருடைய குரல் என்று நானே திரும்பிப் பார்த்தேன். அக்கா வாசலில் நின்றிருந்தாள். இறங்கிப் போய் அவர் கையிலிருந்து கட்டரைப் பிடுங்கினாள். மேல்தளத்துக்கு அடியில் இரண்டு கையையும் விட்டாள். டப், டப், டப் என்று வரிசையாகப் பிரஸ் பட்டன்கள் திறக்கும் சத்தம். குழந்தைச் சட்டையில் வைப்பார்களே, அதே பட்டன்கள். கப்பலின் மூக்கு தனியாகக் கழன்று வந்தது. இன்னொரு வரிசை டப் டப். வாலும் வந்தது.

"பிரியும்னு சாருக்குத் தெரியாதா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டார் மேலாளர்.

"கட்டினவங்களுக்குத்தான் சார் தெரியும்."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. படியில் நிற்பவர்கள் பார்க்கிறார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

அக்கா நடுத்துண்டைத் தூக்கிக்கொண்டாள். "மூக்கையும் வாலையும் கொண்டு போங்க. அந்தத் தகட்டை மாத்தினப்புறம் இதை வந்து வாங்கிக்கோங்க."

"இன்னைக்கே மாத்திடறேன் மேடம். நான் பார்த்துட்டேனே."

"நீங்க பார்த்தது போதாது. அவரு வாயால உங்ககிட்ட சொல்லணும். சொன்னதுக்கு அப்புறம் மாத்துங்க."

நடுத்துண்டைக் கொண்டுபோய்க் கட்டிலில், அத்தான் படுக்கிற பக்கத்தில் வைத்தாள். கட்டிலுக்குச் சரியாக இருந்தது. அன்றிலிருந்து அத்தானுக்குக் கூடத்துச் சோபாதான். சோபாவில் அவர் கால் நீட்ட முடியாது.

"உனக்கு மானம் ரோஷம் இருக்கா? கடைல தலைகாட்ட முடியல" என்று கத்தினார். அக்கா அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவைத் தூது அனுப்பினார். "ஆம்பள மனசு நோகக்கூடாதும்மா" என்று அம்மா இழுத்தாள். அம்மாவைக் கையோடு பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது, டீ வந்தது, அக்கா பக்கமிருந்து ஒரு சண்டை இல்லை. கட்டில் மட்டும் காலியாகவில்லை. தெருவில் "என்ன கேப்டன், கப்பல் போயிருச்சா?" என்று கேட்டால் சல்யூட் வைக்காமல் நடையைக் கட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் போயிருந்தேன். அக்கா தரையில் உட்கார்ந்து நசுங்கிய புகைபோக்கிக்குப் பதில் புதிது வெட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே வெகுநேரம் ஜன்னலோரம் நின்றார். பிறகு போனை எடுத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே பேசினார்.

"சார்... அந்தக் கப்பல்... அது வந்து, நான் கட்டினது இல்ல. என் வீட்டுக்காரி கட்டினது."

அக்கா தலையைத் தூக்கவில்லை. ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்துவிட்டுச் சொன்னாள்.

"கேக்கல. சத்தமா சொல்லுங்க."