மருந்து போடாத பாத்தி

புழுக்காரர் என்றுதான் ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் அவரைச் சொல்வார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். பூச்சியியல் துறையில் மற்றவர்கள் இலை தின்னும் பூச்சி, காய் துளைக்கும் பூச்சி என்று கண்ணுக்குத் தெரிகிற எதிரியாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். இவர் மட்டும் மண்ணுக்குள் கிடந்து கடலைச் செடியின் வேரைத் தின்கிற வெள்ளைப் புழுவைக் கட்டிக்கொண்டு அழுதார். பயிர் வாடி விழுந்த பிறகுதான் அந்தச் சனியன் அங்கே இருப்பதே தெரியவரும்.

அதை வளர்ப்பதும் லேசில்லை. சேர்த்து விட்டால் ஒன்றையொன்று கடித்துக் கொன்றுவிடும் என்பதால் ஒவ்வொரு புழுவுக்கும் தனிக் கிண்ணம், தனி மண், தனிக் கேரட் துண்டு. ஊழியர்களுக்கு அந்த வசதி கிடையாது. அவர்களை ஒரே அறையில்தான் விட்டிருந்தார்கள். விடுமுறை வந்தால் மண்ணின் ஈரம் பார்க்க ஆளிருக்காது, கிண்ணங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

"மாப்பிள்ளை என்ன பண்றார்னு சித்தி கேட்டாங்க. புழுவுக்குக் கேரட் நறுக்குறார்னு சொல்லிட்டேன்" என்பாள் மனைவி. சொல்லிவிட்டு அவளே நறுக்கியும் வைப்பாள்.

பாதி உத்தியோகம் கழிந்த பிறகு அவருக்கு ஒரு செத்த புழு கிடைத்தது. உடம்பெல்லாம் பச்சைப் பொடி பூத்த புழு. அதைக் கொன்ற பூஞ்சாணத்தைப் பிரித்தெடுத்து வளர்த்தார். தொட்டியில் போட்டார், புழு செத்தது. நிலையத்து வயலில் போட்டார், அங்கேயும் செத்தது. இனி ஒரு விவசாயியின் வயலில் காட்ட வேண்டும். ஜெயித்தால் அது எல்லா ஊருக்கும் பரிந்துரையாகப் போகும். தோற்றால் திட்டத்தை இழுத்து மூடிவிடுவார்கள். மேலே இருந்தவர்களுக்கு, மண்ணில் தூவுகிற கம்பெனிக் குருணைப் பூச்சிமருந்தின் மேல்தான் பாசம்.

இங்கேதான் வந்தது வம்பு. எந்தச் சோதனையிலும் சில பாத்திகளை எதுவும் போடாமல் விட்டாக வேண்டும். அங்கே செடி செத்தால்தான், மற்ற பாத்தியில் பிழைத்தது மருந்தால் என்று சொல்ல முடியும். கண் முன்னால் பயிரைச் சாகவிட எந்த விவசாயியும் சம்மதிக்கவில்லை. கூடப்பிறந்த அண்ணன்தான், "என் வயல எடுத்துக்கடா. உனக்கு இல்லாததா?" என்றார்.

அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று வயல் பச்சைப்பசேல் என்று நின்றது. எல்லாப் பாத்தியும்தான். மருந்து போடாத பாத்தியில் முழங்கை புதையும்வரை மண்ணைக் கிளறினார். பேருக்குக்கூட ஒரு புழு இல்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"உங்க பூஞ்சாணம் போட்டாலும் ஒண்ணு, போடாட்டியும் ஒண்ணு போலிருக்கே. இதுக்கா சார் இத்தனை வருஷம்?" என்று சிரித்தார் இயக்குநர்.

திட்டம் மூடப்பட்டது. பதவி உயர்வு அவருக்குக் கீழே இருந்தவருக்குப் போனது. அதற்குப் பிறகும் மனிதர் சும்மா இருந்தாரா? அந்தப் பாத்திப் புழுக்களைத் தின்றது எது? எறும்பா, குளவியா, இதுவரை யாரும் பார்க்காத வேறு ஏதாவதா? ஓய்வு பெறும்வரை அந்த வயல் மண்ணைக் கொண்டுவந்து சலித்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் அகப்படவில்லை. அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். போகும்போது ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள்.

ஓய்வுக்குப் பின் ஒருநாள் அண்ணன் அவசரமாக வரச்சொன்னார். வயல் முழுக்க மஞ்சளடித்துக் கிடந்தது. அண்ணன் ஒரு செடியை இழுத்தார். வேரே இல்லாமல் கையோடு வந்தது.

"குருணைய அள்ளி அள்ளிப் போட்டாச்சு, அசைய மாட்டேங்குது. ஆயுசுக்கும் இந்தப் புழுவத்தானே படிச்ச? ஒரு வழிகூடவா கண்டுபிடிக்கல?"

அவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"கண்டுபிடிச்சேன். உன் வயல்லதான் தோத்துப் போச்சு. அந்த வருஷம் பாத்து, சும்மா விட்ட பாத்தியில புழுவே வரல."

"வரலையா? யாரு சொன்னா? மொத மாசமே செடி வாட ஆரம்பிச்சிடுச்சு. பெரிய அதிகாரிங்க வர்ற எடத்துல பாத்தி அப்படி நின்னா உனக்குத்தானே தலைகுனிவு? நானே குருணை போட்டு, தண்ணி பாய்ச்சி, உன் மானத்தக் காப்பாத்தினேன்."

சொன்ன முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்த முகத்தில் ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது அவருக்கு. எறும்பிலிருந்து குளவிவரை எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவருக்கு அண்ணனைச் சந்தேகப்பட மட்டும் தோன்றியதில்லை.

எதற்காக அந்தப் பாத்தி சாக வேண்டியிருந்தது என்பதை முதல் தடவையாக அண்ணனுக்கு விளக்கிச் சொன்னார். அண்ணன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப உன் மருந்து நல்ல மருந்துதான்?"

"நல்ல மருந்துதான்."

"இப்பவாவது கொண்டாந்து போடேன்டா."

"எங்க இருந்து? திட்டத்த மூடினப்போ கண்ணாடிக் குழாய்ல வளர்த்து வெச்ச பூஞ்சாணத்தையெல்லாம் வேக வெச்சுக் கொட்டச் சொன்னாங்க. நான்தான் கொட்டினேன்."

அண்ணன் கையிலிருந்த செடியைக் கீழே போட்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

கேட்டிருக்கலாம். மண் அள்ளிப்போக வருஷா வருஷம் இங்கே வந்தவர்தான். ஒவ்வொரு தடவையும் மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்தது அண்ணன்தான். மண் எதற்கென்று அவர் கேட்டதில்லை, இவர் சொன்னதுமில்லை.